குதிரை மாற்றிய பந்தயம்

காலைத் தேர்ப் பந்தயத்தில் பச்சை அணியின் ஹெர்மாஸ் ஜெயித்துவிட்டான். மைதானமே எழுந்து கூத்தாடியது. அவன் மனைவி திரிபேனா மட்டும் கல் இருக்கையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் இல்லாமல் இல்லை. தான் செய்து வைத்த காரியம் பலிக்கவில்லையே என்ற கடுப்பும் கூடவே இருந்தது.

மூன்று நாளைக்கு முன் நீல அணிக் குதிரைகள் நான்கின் பெயரையும் ஈயத் தகட்டில் கீறி, வளைவில் இவற்றின் கால் கட்டுண்டு போகட்டும் என்று எழுதி, அகாலத்தில் செத்த ஒருவனின் ஆவி முடித்து வைக்கும் என்று அவன் கல்லறைக்குள் போட்டுவிட்டு வந்திருந்தாள். ரோமில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். ஓட்டுகிறவன் பெயரை மட்டும் எழுதவில்லை. அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாளே என்று மனசு கேட்கவில்லை. பாழாய்ப்போன இரக்கம்!

எக்காளம் ஊதி அறிவிப்பாளன் கத்தினான். "ஹெர்மாஸ் சவால் விடுறான்! மத்தியானம் குதிரை மாத்தி ஓட்டுவாங்க. நீலக் குதிரைங்கள இவன் ஓட்டுவான், இவன் குதிரைங்கள நீலத்துக்காரன் ஓட்டுவான்!"

பக்கத்திலிருந்த சலவைக்காரி மேவியா திரிபேனாவின் முதுகில் ஓர் அறை வைத்தாள்.

"அடி அதிர்ஷ்டக்காரி! எதிராளி குதிரைய வச்சே ஜெயிச்சா விடுதலைன்னு எஜமான் வாக்குக் குடுத்திருக்காராமே? சாயங்காலம் உன் புருசன் அடிமை இல்லடி! நீ என்ன, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

திரிபேனா விருட்டென்று எழுந்தாள். தகட்டில் அவள் நாள் குறிக்கவில்லை. செத்தவன் சோம்பேறியாக இருந்து, காலையில் விட்டதை மத்தியானம் முடித்து வைத்தால்? கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன் ஹெர்மாஸ். குதிரை விழுந்தால் அவனும் போனான். கல்லறையோ ஊருக்கு வெளியே. ஓடிப் போய்த் தோண்டி எடுக்க நேரமில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு லாயத்துக்கு ஓடினாள். ஹெர்மாஸ் வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஓட்டாதய்யா. வயித்து வலின்னு சொல்லிடு."

"கிறுக்கு புடிச்சிருச்சா? இன்னிக்கு விட்டா எனக்கு இன்னொரு நாள் எங்கடி வரும்?"

"அந்தக் குதிரைங்க பேர நான் எழுதிப் போட்டுட்டேன்யா."

அவன் கை நின்றது.

"நாலையுமா?"

"நாலையும். வளைவுல கால் கட்டிக்கணும்னு..."

"போதும், வாய மூடு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சவால் விட்டவன் பின்வாங்குனா கல்லாலயே அடிச்சுக் கொல்லுவானுங்க. போய் உக்காரு."

முடிச்சைப் போட அவனுக்கு மூன்று தடவை ஆயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் போனாள்.

ஓட்டம் தொடங்கும் கதவுகள் திறந்தன. முதல் நேர் ஓட்டத்தில் ஹெர்மாஸ்தான் முன்னால். வளைவு வந்ததும் கடிவாளத்தை இழுத்து, திருப்பத்தில் நட்டிருந்த தூணை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்றினான். நீலத்துக்காரன் உள்பக்கமாக நுழைந்து முந்திவிட்டான். அடுத்த வளைவிலும் அதே கதை. சுற்றை எண்ண வைத்திருந்த மர முட்டைகள் சுற்றுக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன.

"உள்ள விடுடா, பயந்தாங்கொள்ளி!" என்று மேவியா தொண்டை கிழியக் கத்தினாள். திரிபேனாவோ, விலகிப் போ, விலகிப் போ என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி வளைவில் அரைத் தேர் தூரம்தான் பின்தங்கியிருந்தான். உள்பக்கம் திறந்தே கிடந்தது. இடதுபக்கக் குதிரை தானாகவே உள்ளே திரும்பியது. ஹெர்மாஸ் அதை வெளியே இழுத்தான்.

தோற்றான். ஜனங்கள் அத்திப்பழத்தை விட்டெறிந்தார்கள். திரிபேனா மட்டும் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள்.

லாயத்தில் அவன் அந்த இடதுபக்கக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"உசுரோட வந்துட்டியே, எனக்கு அது போதும்யா."

"இது ஒரு தடவகூடக் கால் தடுக்கலடி. உள்ள போறேன் போறேன்னு கெஞ்சுச்சு. நாந்தான் விடல." தன் உள்ளங்கையில் வார் அறுத்த காயத்தைப் பார்த்தான். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

செத்தவன் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்குப் பதிலாக அவளே ஓடி வந்து வேலையை முடித்திருந்தாள்.

"ஏலே ஹெர்மாஸ்! குதிரைக்குத் தண்ணி காட்ட உன் எஜமான் வருவாரா?" என்று உள்ளேயிருந்து லாயத்து மேலாள் அதட்டினான்.

"இதோ வந்துட்டேனுங்க" என்று ஹெர்மாஸ் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.