நாற்பதடியில் கேசவன்

என் படத்தின் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்ட கேசவனை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

செங்கல்பட்டில் அவருடைய ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். மாமல்லபுரம் கடற்கரையில் விடியற்காலையில் நான் எடுத்த படகுப் படத்தை, ஃபிளாப்பியில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, நெம்மேலி பக்கம் புது ஓட்டல் கட்டிய ஜெகதாம்பாள் அம்மாவுக்குக் காட்டினோம். அவருக்குப் பிடித்துவிட்டது. "நான் எடுத்ததும்மா" என்று கேசவன் என் கண்ணெதிரிலேயே சொன்னார். ஓட்டலின் படவேலை முழுவதும் அவருக்குப் போனது. அன்றே வேலையை விட்டேன். ஒரிஜினல் இருந்த சிடி என்னோடு வந்துவிட்டது.

ஃபிளாப்பிப் படத்தை ஓட்டல் முகப்பில் மாட்ட அவர் நாற்பதடி ஃபிளெக்ஸுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறார். படகெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. சுருக்கும்போது போனது இழுத்தால் திரும்பி வருமா? ஊரப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா ஜெஸ்ஸி, இன்னும் கோவமா கீறியா? ஒரிஜினல வெச்சி நீயே பெருசு பண்ணிக் குடும்மா. கீழ எம் பேரு இருக்கட்டும்."

"பாக்கறேன் சார்" என்று அனுப்பிவிட்டு, சிடியைப் போட்டு முழு அளவில் படத்தைத் திறந்தேன். சின்னப் படத்தில் வெறும் கறுப்புப் புள்ளியாக இருந்தது இதில் ஓர் ஆள். படகோரம் பனியனோடு, வாயைப் பிளந்து தூங்கும் கேசவன்! என்னை வேலை செய்ய விட்டுவிட்டு அவர் போய்ப் படுத்த லட்சணம். சந்தோஷம் தாங்காமல் சத்தமாகச் சிரித்தேன்.

அவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு தடவையும் ஓரங்களைக் கூராக்கினேன். கடலைவிட அவர் மீசைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கேட்டபடி பெயரையும் போட்டேன், அவர் படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே. மானிட்டரில் மொத்தமாகத் தெரிகிற அளவில்தான் கேசவன் எந்தப் படத்தையும் பார்ப்பார்; அதில் அவர் வெறும் புள்ளி. "சூப்பர்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஓட்டல் திறப்பு விழாவுக்குக் கூப்பிடாமலேயே போனேன். ஃபிளெக்ஸ் மேலே ஏறியதும் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. ஜெகதாம்பாள் அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா கேசவா, நீ தூங்கிகினு கீற. அப்போ போட்டோவ யாரு எடுத்தது?"

"நான்மா" என்று முன்னால் போய் நின்றேன்.

"அவன் பேர அழிச்சிட்டு உன் பேரப் போடு" என்றார் அம்மா.

"அழிக்க வேணாம்மா. அதுக்கு முன்னாடி 'தூங்குகிறவர்'னு சேத்துடலாம். எடுத்தவ பேரு மேல இருக்கட்டும்."

கேசவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.