புதுச் சிவப்பு

வாங்க வந்தவர் எலெக்ட்ரிக் கிதாரை மேசைமேல் விரித்த துண்டில் மல்லாக்கக் கிடத்தி, அதன் முகத்திலிருந்த வெள்ளைத் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து கணவரின் மூச்சு கேட்டது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. இன்றைக்குத் தாண்டினால் பெரிது என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கழுத்து வளையல. சத்தத்த வாங்குற பிக்கப் ரெண்டும் மாத்தாத பழசு," என்றார் வந்தவர். "நல்லா வெச்சிருக்காரு."

"என்னைக்கூடத் தொட விடமாட்டாரு."

"அது மூத்த சம்சாரம் சார். அண்ணி அதுக்கப்புறம்தான்," என்று சிரித்தான் சின்னவன்.

சின்னவன் கணவரின் தம்பி. கார் பட்டறையில் பெயிண்டர். 'துடைச்சு எடுத்துட்டு வரேன் அண்ணி' என்று முந்தாநாள் கிதாரைத் தூக்கிக்கொண்டு போனவன், இன்று காலையில் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். முப்பது வருடக் கச்சேரிகளில் தேய்ந்து மங்கியிருந்த கிதார், கடையில் நிற்கும் புதுக் காரைப் போலச் சிவப்பாக மின்னியது. விற்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டாமா? அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

தகடு கழன்றது. சின்னவன் அதைக் கழற்றாமல், அதன்மேல் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்திருந்தான். அதற்கடியில் மட்டும் பழைய தேன்நிறம் மிச்சமிருந்தது. வந்தவர் டார்ச் அடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணு கோட்டிங் சார். வெயில்லயே கெடந்தாலும் மங்காது," என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு உதடு நனைக்க உள்ளே போனான் சின்னவன்.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க அனுப்பின போட்டோவுல கை படுற எடத்துல பெயிண்ட் தேஞ்சு கட்டை தெரிஞ்சுதும்மா. அதப் பாத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அது அசிங்கமா இருக்குன்னுதான்..."

"அந்தத் தேய்மானத்துக்குத்தாம்மா வெலை. சுரண்டினாலும் இனி வராது. பேசினதுல பாதிகூட யாரும் குடுக்கமாட்டாங்க."

கதவிடுக்கில் சின்னவனின் முதுகு தெரிந்தது. ஈரத்துணியை அண்ணனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தான். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவதும் சவரம் செய்வதும் அவன்தான். 'கடவுளே, இது மட்டும் அவன் காதில் விழக்கூடாது' என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் போன பிறகு வீட்டு வாடகைக்கு இந்தப் பணம்தான் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்கமாட்டான்."

உள்ளிருந்து சின்னவன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, கடைசியா ஒரு தரம் பாக்கணும்ங்கறாரு."

"இருப்பா. திருகெல்லாம் மாட்டட்டும்."

வந்தவர் தேவைக்கு மேலேயே மெதுவாக மாட்டினார். ஆனாலும் திருகுகள் தீர்ந்துவிட்டன.

சின்னவன் கிதாரை அண்ணனின் மடியில் வைத்து, வலது கையை எடுத்து அதன்மேல் போட்டான். கை பழகிய இடத்துக்குப் போய், வழுக்கி இறங்கியது. கணவர் கண்ணைத் திறந்தார். சிவப்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்தார். வந்தவர் தரையைப் பார்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்ததற்கு ஒரு வாரம் தன்னோடு பேசாமலிருந்த மனிதர் இவர்.

"யாருடா அடிச்சது?"

"நான்தாண்ணே."

மூச்சு இழுத்தது, நின்றது.

"ஒரு எடத்துலகூட... வழியலயேடா."

"நான் அடிச்சா வழியுமாண்ணே?" சின்னவனின் முகமெல்லாம் சிரிப்பு.

கணவர் இப்போது அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எதைக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் சரி என்று தலையசைத்தாள்.

"விக்கல சார். மன்னிச்சுக்குங்க," என்றார் கணவர், வந்தவரிடம். "இது தம்பிக்கு."

"ஐயோ அண்ணே, எனக்கு வாசிக்கத் தெரியாதே!"

"எனக்கு மட்டும்... தெரியுமாக்கும்."

"நல்ல கைக்குத்தான் போகுது," என்று சொல்லி வந்தவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

பொழுது சாயும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

தெரிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்னவன் ஒவ்வொருவரிடமும் சொல்லி அழுதான். "நான் அடிச்ச பெயிண்டைப் பாத்துட்டுத்தான் போனாரு. ஒரு எடத்துலகூட வழியலைன்னாரு. வேணும்னா அண்ணியக் கேளுங்க."

"ஆமா," என்றாள் அவள், ஒவ்வொரு முறையும்.

கணவரோடு மேடைக்கு மேடை வாசித்த டிரம்ஸ்காரர் வந்தார். முகத்தைப் பார்த்து நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்பினார். சுவரில் சாய்த்திருந்த கிதார் கண்ணில் பட்டது.

"அடப்பாவி, இத எவன்டா..."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் டம்ளரை அவர்முன் நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்கண்ணே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் டம்ளரைத் தாழ்த்தவில்லை. வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். சின்னவன் அவர் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.