கடவுச்சொல்லின் முதல் எழுத்து

கணவாயில் பனி சரிந்த செய்தி காரா-பால்தா ஊருக்கு வந்தபோது கனிஷாய் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒருவர்தான் கைபேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கணவாய் உச்சியிலுள்ள சுரங்கப்பாதைக்குத் தெற்கே, சூசமிர் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும் வளைவுகளில் சரிந்திருக்கிறதாம். அடியில் சில வண்டிகள் மாட்டியிருக்கலாமாம்.

அவள் கணவன் உரான் அன்று காலையில்தான் செம்மறிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சூசமிரிலிருந்து கிளம்பியிருந்தான். கணவாய் ஏறப் போகிறேன், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று தன் தங்கை பெகாயிமுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். மனைவிக்கு எதுவும் அனுப்பவில்லை. இருவருக்கும் ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கொரியாவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் உரானையும் அங்கே கூப்பிட்டிருந்தான். போக வேண்டாம் என்று கனிஷாய் கெஞ்சியும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் வீட்டு மடிக்கணினியைத் திறந்து, உரானே எழுதுவதுபோல, நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று அந்த நண்பனுக்குப் பதில் போட்டுவிட்டாள். தெரிந்தபோது உரான் உட்கார்ந்து கணினியின் கடவுச்சொல்லை மாற்றினான். அதோடு சரி.

கனிஷாய் வீட்டுக்கு ஓடி வந்தபோது பெகாயிம் ஏற்கெனவே அங்கே இருந்தாள். முடி திருத்தும் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். மேலங்கிக்குள் கடை ஏப்ரன் தெரிந்தது. உரானின் எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே குரல்தான் வந்தது.

மீட்புக் குழுவின் தலைவர் அபாஸ்பெக்கை எப்படியோ தொலைபேசியில் பிடித்தார்கள். சரிவு நடந்த இடத்தில்தான் எல்லோரும் தோண்டுகிறார்கள் என்றார் அவர். உரானின் வண்டியை மலையடிவாரத்துக் கடையில் டீ குடித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் முழுவதும் சொல்லவில்லை. சொல்லாததும் இரண்டு பேருக்கும் புரிந்தது.

கனிஷாய் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சன்னல் பக்கம் போய் நின்றாள். போன கோடையில் உரான் புல் அறுக்கும் வயலில் கைபேசியைத் தொலைத்துவிட்டு வந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இந்தக் கணினியில் வரைபடத்தைத் திறந்துதான் கைபேசி கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கடைசியாக எங்கே சமிக்ஞை கிடைத்ததோ அந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி நின்றது.

அவள் மடிக்கணினியை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. பேட்டரி செத்து மாதங்களாகிவிட்டன. கம்பி செருகியிருந்தால்தான் ஓடும். காலையில் பிடுங்கிய கம்பியை யாரும் திரும்பச் செருகவில்லை. செருகினாள். அன்று ஆறு மணிக்கு அந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து தாண்டியிருந்தது.

கணினி முனகிக்கொண்டு எழுந்தது. கடவுச்சொல் கேட்டு நின்றது.

கனிஷாய் திரும்பிப் பார்த்தாள். பெகாயிம் சற்றுத் தயங்கினாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள். "எங்கிட்ட சொல்லியிருக்கான். மறந்து போனா கேட்டுக்கறேன்னு."

அது கனிஷாயின் முகத்தில் பட்ட அடிபோல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. என்ன என்று மட்டும் கேட்டாள்.

ஜோர்கோ. அவர்கள் சின்ன வயதில் வைத்திருந்த குதிரையின் பெயர். கூடவே உரான் பிறந்த வருடம். பெகாயிம் சொல்லச் சொல்ல கனிஷாய் தட்டினாள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. தவறு என்றது கணினி.

மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு.

"நல்லா நெனச்சுப் பாரு," என்றாள் கனிஷாய். "வருஷம் முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். எனக்கென்ன காது கேக்காதா? உங்களுக்குத்தான் கை நடுங்குது. தள்ளுங்க."

பெகாயிம் அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தாள், சிறிதாகப் போட்டுப் பார்த்தாள். நான்காவது முறைக்குப் பிறகு கணினி, சற்றுநேரம் காத்திருக்கவும் என்று சொல்லிவிட்டு எதையும் வாங்க மறுத்தது. இருவரும் அந்த வெற்றுத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே பனியின் வெள்ளை மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

பெகாயிமுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் அந்தப் பதிலைப் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கடவுச்சொல்லே வந்திருக்காது என்று ஆரம்பித்தாள். கனிஷாய் மறுக்கவில்லை.

"ஆமா. திட்டு. அவரு வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்து திட்டுங்க. இப்ப எந்திரிச்சு எனக்கு இடம் விடு."

கணினி மறுபடி தட்ட விட்டபோது கனிஷாய் அவசரப்படவில்லை. கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் போல ஒரு சிறு படம் இருக்கும். அதை அழுத்தினால் தட்டியது தெரியும். மருத்துவமனைக் கணினியில் தினமும் செய்வதுதான். பதற்றத்தில் தோன்றவில்லை. தட்டிவிட்டு அழுத்தினாள். குதிரையின் பெயர் ரஷ்ய எழுத்தில் பளிச்சென்று நின்றது. மூலையில் மொழிக் குறியும் ரஷ்யன் என்றே காட்டியது.

"கடவுச்சொல்லை மாத்துறப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

இருந்தேன் என்றாள் பெகாயிம். கொரியா வேலைக்கான ஏதோ ஆங்கிலப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன், அதை நிறுத்திவிட்டுத்தான் கடவுச்சொல்லை மாற்றினான்.

அப்படியானால் கணினி அன்று ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. மூடி வைத்துத் திறந்துகொண்டிருந்தவரை அதே மொழியில் இருந்திருக்கும். இன்று முழுதாக அணைந்து எழுந்ததால் ரஷ்யனுக்குத் திரும்பிவிட்டது. கனிஷாய் மொழியை மாற்றிவிட்டு ஜோர்கோவை ஆங்கில எழுத்தில் போட்டாள். தவறு. வேறு மாதிரி எழுத்துக்கூட்டிப் போட்டாள். அதுவும் தவறு. இன்னும் ஒன்றிரண்டு தப்பினால் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உரான் தட்டச்சு செய்யும் விதம் அவளுக்குத் தெரியும். இரண்டே விரல். கண் முழுக்க விசைகள்மேல், விசையில் அச்சடித்த ரஷ்ய எழுத்துகள்மேல். திரையை நிமிர்ந்தே பார்க்க மாட்டான். ஒருமுறை அவளுக்கு ஒரு நீண்ட கடிதமே அப்படி வந்தது, தலையும் காலும் புரியாத ஆங்கில எழுத்துகளாக. மொழியை மாற்றாமல் அடித்து அனுப்பியிருந்தான். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கனிஷாய் மொழியை ஆங்கிலத்திலேயே விட்டாள். விரல்களை மட்டும் ரஷ்ய எழுத்துகள் இருந்த விசைகளில் வைத்து, அவன் அழுத்துவதுபோல ஒவ்வொன்றாக அழுத்தினாள். கண் படத்தை அழுத்திப் பார்த்தாள். முதலில் ஓர் அரைப்புள்ளி நின்றது, அடுத்து அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள், பிறகு வருடம்.

"என்ன அண்ணி இது, பூனை நடந்த மாதிரி இருக்கு," என்றாள் பெகாயிம்.

கனிஷாய் நுழை என்பதை அழுத்தினாள். திரை திறந்தது.

பெகாயிம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வரைபடப் பக்கம் திறக்கவில்லை. இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்து நின்றது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே எச்சரிக்கை. வைரஸ் புகுந்துவிட்டது, இல்லையென்றால் இணையம் போய்விட்டது என்று பெகாயிம் அழத் தொடங்கினாள். கனிஷாய் தன் கைபேசியைப் பார்த்தாள்; அதில் இணையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் கோளாறு கணினியில். அவள் திரையை மூலை மூலையாகப் பார்த்தாள். கீழே வலது ஓரத்தில் தேதி இருந்தது. பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. மின்சாரமில்லாமல் கிடந்ததில் கணினி நாளையே மறந்துவிட்டது. இன்றைய நாளை அறியாத கணினியை எந்தப் பக்கமும் உள்ளே விடாது.

அமைப்புகளுக்குள் போய் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். வெள்ளைத் திரை, சுழலும் வட்டம், மலைகள், ஆறு. பிறகு நீலப் புள்ளி.

அது கணவாயில் இல்லை. சாலையிலேயே இல்லை. அடிவாரத்துக்கும் பின்னால், மேய்ப்பர்களின் குளிர்காலப் பட்டிக்குப் போகும் ஒரு கிளைப்பாதையில், ஓடையை ஒட்டி நின்றது. கீழே அந்த இடத்தின் அட்ச, தீர்க்க ரேகை எண்களும் நேரமும் இருந்தன. பனி சரிந்ததற்குப் பிந்தைய நேரம்.

கனிஷாய் அபாஸ்பெக்குக்கு அடித்தாள். அவர் முதலில் ஏற்கவில்லை. மலைக்குள் இந்தப் புள்ளிகளை நம்ப முடியாது, ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவனை இன்னொன்றில் காட்டும் என்றார். இருட்டப்போகிறது, சரிவுக்கு அடியில் ஆட்கள் கிடக்கிறார்கள், தோண்டுகிறவர்களை எப்படிப் பிரித்து அனுப்புவது என்று கேட்டார்.

"அண்ணே, எடம் தப்பா இருக்கலாம்," என்றாள் கனிஷாய். "நேரம் எப்படித் தப்பாகும்? பனி விழுந்தப்புறம் அவரு போன் டவரோட ஒரு தடவை பேசியிருக்கு. அடியில கெடக்குற போன் பேசுமா?"

மறுபக்கம் அபாஸ்பெக் யாரையோ கூப்பிட்டார்.

"எண்களைச் சொல்லும்மா," என்றார். "மெதுவா. நான் இன்னொருத்தனை எழுதச் சொல்றேன்."

அவள் இரண்டுமுறை வாசித்தாள். பெகாயிம் தன் கைபேசியில் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. கணினியும் அணைந்தது.

அடுப்பின் வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் டீ போடவில்லை. தான் எங்கோ தவறான எண்ணை வாசித்திருந்தால் என்று கனிஷாய் நினைத்தாள். அந்த ஆட்கள் வெறும் ஓடைக்குப் போய், தோண்ட வேண்டிய இடத்தில் ஆளில்லாமல் போனால் என்று நினைத்தாள். பெகாயிம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிரார்த்தனையா அண்ணனுக்கான வசவா என்று தெரியவில்லை.

அபாஸ்பெக்கின் அழைப்பு வந்தபோது இருவரும் ஒரே கைபேசிக்குக் கை நீட்டினார்கள்.

"உயிரோட இருக்கான்," என்றார் அவர். வேறு எதற்கும் முன்னால் அதைத்தான் சொன்னார்.

கணவாய் ஏறுவதற்கு முன், பனியில் வழுக்காமலிருக்கப் பூட்டும் சக்கரச் சங்கிலி அறுந்திருக்கிறது. பட்டியில் இரவல் வாங்கலாம் என்று கிளைப்பாதையில் திரும்பியவன் ஓடைக்குள் சரிந்துவிட்டான். கால் முறிந்துவிட்டது. யாரையாவது கூப்பிட முயன்று, முடியாமல் போய், கடைசியில் தவழ்ந்து வண்டியின் பின்பக்கம் ஏறிச் செம்மறிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டான். மீட்புக் குழுவினர் கதவைத் திறந்தபோது ஆடுகள்தான் முதலில் முகத்தை நீட்டின. ஆளை உள்ளே தேட வேண்டியிருந்ததாம்.

கனிஷாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெகாயிம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முறையாக, அண்ணியின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சரிவுக்கு அடியில் இருந்தவர்களில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. அதனால் ஊரில் யாரும் உரான் திரும்பி வந்ததைச் சத்தமாகக் கொண்டாடவில்லை.

மருத்துவமனையில் மாவுக்கட்டோடு கிடந்தவனிடம் கனிஷாய் தானாகவே பேச்சை எடுத்தாள். அந்தப் பதிலைப் போட்டது தான்தான் என்று கொரியா நண்பனுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள்; இந்தமுறை தன் பெயரிலேயே. உரான் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன சொன்னான்?"

"கால் சரியானதும் சொல்லச் சொன்னாரு. எடம் இருக்காம்."

"நீ என்ன சொல்ற?"

"எனக்குப் பிடிக்கலை," என்றாள் கனிஷாய். "இதை உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும்."

அடுத்த இலையுதிர் காலத்தில் உரான் கொரியாவுக்குப் போனான், ஒரு வருட ஒப்பந்தத்தில். கனிஷாயும் பெகாயிமும் பிஷ்கேக் விமான நிலையம்வரை போய் வழியனுப்பிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு கடையில் இறங்கி, ஆளுக்கு ஒரு தட்டு மந்தி என்னும் இறைச்சிக் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு வீடு வந்தார்கள்.