உதட்டுப் பாடம்

குளிப்பாட்டுவதற்கான மூன்றாவது வாளி வெந்நீரை அறை வாசலில் வைத்துவிட்டு லஹ்சன் நிமிர்ந்தான். கதவு கையகலம் திறந்தது, வாளி உள்ளே போனது, மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே அவன் மனைவி யாமினா கிடந்தாள். காய்ச்சல் என்று முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவளை இன்று விடிகாலையில் போர்வை மூடித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம்.

“புள்ளைக்குச் சொல்லியாச்சா மச்சான்?”

யாமினாவின் தங்கை ரபியா. கண்கள் வீங்கிப்போயிருந்தன.

“பக்கத்து வீட்டுல வெளையாடிக்கிட்டு இருக்கா. சொல்றேன்.”

“எப்ப? தூக்கிட்டுப் போனப்புறமா? நீங்கதான சொல்லணும். ஆறு வருஷமா நீங்கதான பாடம் எடுக்கிறீங்க.”

நுஹைலாவுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் கொண்டுபோய்க் காட்டியபோது, ‘கையால் ஜாடை காட்டப் பழக்காதீர்கள், அப்புறம் வாயே திறக்கமாட்டாள்’ என்று நகரத்து டாக்டர் சொல்லி அனுப்பினார். லஹ்சன் ஒரு நாளும் அதை மீறியதில்லை. ஆலிவ் ஆலையிலிருந்து வந்ததும் மகளை எதிரில் உட்காரவைத்து, தன் உதட்டைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக உச்சரிப்பான். கை எழுந்தால் மணிக்கட்டில் ஒரு தட்டு. சரியாகச் சொன்னால், அவன் ஜெல்லாபா அங்கியின் முதுகில் தொங்கும் தொப்பிக்குள் கைவிட்டு ஓர் உலர்திராட்சை எடுத்துக்கொள்ளலாம். இதுவரை பதினான்கு சொற்கள் வந்திருந்தன.

அவளை அழைத்து வந்து முற்றத்தில் நிறுத்தினான். எதிரில் மண்டியிட்டான்.

“உம்மா,” என்றான், உதட்டை நன்றாகக் கூட்டித் திறந்து. “உம்மா மௌத்தாயிட்டா. இனிமே வரமாட்டா.”

நுஹைலா அவன் வாயையே பார்த்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கி, மூச்சை இழுத்து, “உம்மா” என்றாள். இத்தனை தெளிவாக அவள் சொன்னதேயில்லை. சொன்ன கையோடு எக்கி, அவன் கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி, “யா ரப்பே” என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுபடி சொன்னான். மறுபடி “உம்மா”. மறுபடி ஒரு திராட்சை.

“போதும் மச்சான். பாடம்னு நெனைக்கிறா.”

“வேற எப்படிச் சொல்றது?”

ரபியா குரலைத் தாழ்த்தினாள். “அக்காவா இருந்தா கையால சொல்லியிருப்பா.”

“எந்தக் கையால?”

“நீங்க தெருமுனை திரும்பினதும் ஆரம்பிச்சிருவாங்க ரெண்டு பேரும். ஓயாத பேச்சு. எந்தப் பூனை குட்டி போட்டுச்சு, எந்த வீட்டுல சண்டை, ஒண்ணு விடாம. சிரிச்சு உருளுவாங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா கையக் கீழ போட்டுருவா. அதப் பார்த்து இவளும் போட்டுருவா.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “என்னப் பத்தியுமா?”

“உங்களுக்கும் ஒரு பேரு இருந்துச்சு.” ரபியா தன் இடது மணிக்கட்டில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய பிறகுதான் அது எதுவென்று அவளுக்கே உறைத்திருக்கும். தலைத்துணியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“செத்துட்டாங்கிறதுக்கு என்ன ஜாடை? காட்டு. நான் சொல்லிக்கிறேன்.”

“சாப்பாடு, தண்ணி, வா, போ... எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் அவங்களா உண்டாக்கினது. அத அக்காகிட்டதான் கேக்கணும்.”

அறைக்கதவு முழுதாகத் திறந்தது. “மொகம் பார்க்கிறவங்க பார்த்துக்குங்க. நேரமாச்சு.”

நுஹைலா எல்லாருக்கும் முன்னால் உள்ளே ஓடினாள். வெள்ளைக் கபன் துணிக்குள் யாமினாவின் முகம் மட்டும் தெரிந்தது. சிறுமி இரண்டு பக்கமும் துணியைத் தடவித் தடவி எதையோ தேடினாள். கைகள் உள்ளே வைத்துச் சுற்றப்பட்டிருந்தன. பிறகு தலைமாட்டுக்கு வந்து, தாயின் முகத்துக்கு நேராகத் தன் கைகளைத் தூக்கிப் பேசத் தொடங்கினாள். முதலில் சரசரவென்று. நிறுத்திக் காத்திருந்தாள். மறுபடியும், இன்னும் மெதுவாக, விரல் விரலாகப் பிரித்துக் காட்டி, புரியாதவருக்கு எடுத்துச் சொல்வதுபோல.

மகள் இத்தனை நேரம் பேசி லஹ்சன் பார்த்ததில்லை. ஒரு சொல்கூட அவனுக்கு விளங்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். நிலைப்படியில் அவன் நிற்பதைக் கண்டாள். இரண்டு கைகளும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின.

பெண்கள் முகத்துணியை மூடி முடிச்சிட்டார்கள். ஆண்கள் மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, உடலை அதில் ஏற்றி, கலிமா சொல்லித் தூக்கினார்கள். நுஹைலா சுவரோடு ஒட்டி, கைகளை எடுக்காமலே நின்றாள். லஹ்சன் அவளை நோக்கி ஓரடி வைத்து, தன் இரண்டு கைகளையும் நீட்டினான். நீட்டிய கைகளை அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. விரல்கள் பாதி விரிந்தபடி அந்தரத்தில் நின்றன.

“ஆமா, முன்பக்கம் நீதான் பிடிக்கணும்,” என்று யாரோ சந்தூக்கின் கம்பை அவற்றில் வைத்தார்கள்.