பாலாடையைத் துடைத்த துணி

அன்னக்கிளியின் பால் இனி வேண்டாம் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. செல்லபாயின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பால்காரி குளத்துத் தண்ணீரைக் கலந்திருப்பாள் என்று முதலில் வாயைத் திறந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கை ராஜபாய்தான்.

வடசேரியிலிருந்து வேறு பால் வந்தது. போக்கு நிற்கவில்லை.

ராஜபாய் அடுப்படியில் நின்று யோசித்தாள். எந்தப் பாலானாலும் பொங்கக் காய்ச்சுகிறாள். புகட்டும் சங்கான பாலாடையையும் கொதிநீரில் போட்டுத்தான் எடுக்கிறாள். பிறகு ஈரம் இருக்கக் கூடாதே என்று துடைக்கிறாள்.

எதனால் துடைக்கிறாள்?

கை தானாக அடுப்புக்கு மேலிருந்த கொடிக்குப் போனது. துணியே ரேஷனில் அளந்து கிடைத்த காலம். கஞ்சி வடிக்கப் பானையைப் பிடிப்பதும், பாலாடையைத் துடைப்பதும் ஒரே துணிதான். அலசிப் பிழிந்து மடித்து அங்கே போடுவாள். அடுப்புப் புகையில் பரண் தேங்காய் கெடாமல் கிடக்கிறதே, துணிக்கு என்ன என்ற நினைப்பு. ஆனால் மடிப்புக்குள் துணி காயவே இல்லை. தின்னக் கஞ்சிப்பசை, குடிக்க ஈரம், குளிருக்கு அடுப்பின் வெதுவெதுப்பு. கிருமி பெருக வேறென்ன வேண்டும்? பிரித்தாள்; வழுவழுத்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. கொதிநீர் கொன்றதையெல்லாம் அவளே பாலாடையில் திரும்பப் பூசியிருக்கிறாள்.

அன்றே துணியைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்து, முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டாள். பாலாடையைத் துடைக்காமல் கவிழ்த்துவைத்துக் காயவிட்டாள். பிள்ளை தேறியது.

“பாத்தியாட்டி, அவளுக்க பாலை நிறுத்தினது நல்லதாப் போச்சு,” என்றாள் செல்லபாய்.

ராஜபாய் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் காலை அன்னக்கிளி விற்காத பாலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். ராஜபாய் அந்த அடுக்களைத் துணியோடு வாசலுக்கு ஓடினாள்.

“அக்கா, உங்க பாலுல ஒண்ணுமில்ல,” குரலைத் தாழ்த்தினாள். “எனக்க அடுக்களைத் துணிதான் பிள்ளைக்கு ஆகாமப் போச்சு.”

“அதை எனக்க காதுல வந்து ஓதுதியா பிள்ளே? குளத்துத் தண்ணின்னு சொல்லும்போ தெருமுக்கு வரைக்கும் கேட்டுதே. இப்ப என்ன, தொண்டையில மீன்முள்ளு மாட்டிக்கிட்டா?”

அன்னக்கிளி நகரவில்லை; பால்குடத்தை மதிலில் இறக்கிவைத்தாள்.

“அக்கா! வெளிய வா,” ராஜபாய் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். எதிர்வீட்டைப் பார்த்தும் கத்தினாள். “குளோரி மைனி! நீங்களும் வாங்க.”

“என்னட்டி, காலங்காத்தால கூப்பாடு?” செல்லபாய் பிள்ளையோடு வந்தாள். பக்கத்து வாசல்களிலும் தலைகள் தெரிந்தன.

ராஜபாய் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

“பாலுல தப்பில்ல. தப்பு எனக்கதாக்கும்,” என்று தொடங்கினாள்.

“சத்தமா,” என்றாள் அன்னக்கிளி.