ரஸ்ஸலின் ஸ்கேட்டுக்குச் சாணை

நவம்பரில் கோலீன் வீட்டை விட்டுப் போனாள். போனது ரஸ்ஸலோடு. ரஸ்ஸல் வேறு யாருமில்லை, அவள் புருஷன் ஓரஸ்ட் சாமான் பார்த்துக்கொள்ளும் அதே ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரன். எல்ம்ரிட்ஜ் என்கிற அந்தச் சின்ன ஊரில் இருப்பதே ஐஸ் ஆட்டம் ஆட ஒரு ரிங்க், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு அணி. எங்கே போய் முகத்தை ஒளிப்பது? ஓரஸ்ட் ஒளிக்கவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல ரிங்குக்கு வந்து, ஈரக் கையுறைகளை ஹீட்டர் பக்கத்தில் வரிசையாக மாட்டினான்.

அழுவான் என்று ஊர் எதிர்பார்த்தது. அழவில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடப்பான் என்று எதிர்பார்த்தது. அதுவும் நடக்கவில்லை. ரிங்க் கேன்டீனில் பெரோகிக் கொழுக்கட்டை விற்கிற பெண்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உண்மையில் அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. சாப்பிட்டான், தூங்கினான், எஞ்சின் உறைந்துவிடாமல் ராத்திரியில் காரின் ஒயரைப் பிளக்கில் செருகினான்.

வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. அணியில் ஆடும் கிரெய்க் புது ஸ்கேட் வாங்கிக்கொண்டு வந்தபோது, அதை மாட்டச் சொல்லிக் குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தான். விரல் தாராளமாகப் போனது. வளர்கிற பிள்ளைக்குத்தான் இப்படிப் பெரிதாக வாங்குவார்கள், நீ வளர்ந்து முடித்தாயிற்று, மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பினான். ஹெல்மெட்டுகளின் திருகுகளை இறுக்கினான். தோள் காப்பில் விட்டுப்போன தையலைப் போட்டான். மிச்ச நேரமெல்லாம் சாணைக்கல் முன்னால்தான்.

ஸ்கேட் பிளேடு கத்தி மாதிரி இல்லை. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு, குழிவின் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. குழிவு ஆழமாக இருந்தால் விளிம்பு ஐஸைக் கவ்விப் பிடிக்கும், ஆழம் குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒல்லியானவனுக்கு ஆழம் வேண்டும். கனத்த ஆளுக்கோ ஆழமான குழிவு எமன். சட்டென்று நிற்கப் போனால் பிளேடு நின்றுவிடும், உடம்பு நிற்காது. ரஸ்ஸல் யானைக்குட்டி. ஓரஸ்ட் அவனுக்கு எப்போதும் மேலோட்டமாகத்தான் பிடித்துக் கொடுப்பான்.

மார்ச்சில் கோப்பைக்கான ப்ளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கின. அது தொடங்கிவிட்டால் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்துவிடும். தாடி மழிக்க மாட்டார்கள், நாறுகிற காலுறையைத் துவைக்க விடமாட்டார்கள், சாணை பிடிக்கிற ஆளை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு ரஸ்ஸல் தன் ஸ்கேட்டுகளோடு வந்து நிற்க வேண்டியதாயிற்று. முதலில் இடதை வைத்தான், அப்புறம் வலதை. அதுவும் ராசிக்குத்தான்.

கோல்கீப்பர் நெல்சனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்டா ரஸ்ஸல், உனக்குக் கால் மேல ஆசையே இல்லையா? பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போயிட்டு, ஸ்கேட்டையும் அவன்கிட்டயே குடுக்குற?"

டிரஸ்ஸிங் ரூமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ரஸ்ஸல். ஓரஸ்ட் ஸ்கேட்டுகளை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலத்தானே என்று கேட்டான். ரஸ்ஸல் ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டினான்.

கல் சுற்றியது, பொறி பறந்தது. தன் கை தானாக ஏதாவது தப்பு செய்யுமா என்று ஓரஸ்ட் வேடிக்கை பார்த்தான். செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்படியாவது உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தெரியுமே. கை ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று மட்டத்தை வைத்துப் பார்த்தான், பிசிறை வழித்தான், துணியால் துடைத்துக் கொடுத்தான்.

அரையிறுதியில் கடைசிப் பகுதி வரை இரு அணியும் சமம். பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு மூலைக்கு ஓட, அதைப் பிடிக்க ரஸ்ஸல் பாய்ந்தான். சுவரை நெருங்கியதும் நிற்பதற்காகக் காலைத் திருப்பினான். பிளேடு ஐஸில் குத்தி நின்றது. கால் உடைந்த சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆட்டம் போயிற்று, சீசனும் போயிற்று. அதற்கப்புறம் ஒருவரும் ஐஸைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெஞ்சின் ஓரத்தில் நின்ற ஓரஸ்டைப் பார்த்தார்கள். நெல்சன் சிரிப்புக்குச் சொன்னது இப்போது சாட்சி சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

கழற்றிப் போட்டிருந்த ரஸ்ஸலின் ஸ்கேட்டை எடுத்து ஓரஸ்ட் குழிவில் நகத்தை ஓட்டினான். நகம் உள்ளே இறங்கியது. குழிவு நெடுகக் கைச் சாணையில் வராத, மெஷின் விடுகிற வரிகள். இது அவன் பிடித்த சாணை இல்லை. நகரத்து மாலில் ஒரு கடையில், யார் போனாலும் ஒரே ஆழத்தில் சாணை பிடித்துத் தருகிற மெஷின் இருக்கிறது. ரஸ்ஸல் பயந்துபோய், காதும் காதும் வைத்தாற்போல் அங்கே போயிருக்கிறான். அவன் எடை எவ்வளவு என்று மெஷின் கேட்டிருக்காது. குழிவின் ஆழத்தைப் பற்றி அவனும் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை வருஷமும் அதை அவனுக்காக ஓரஸ்ட்தான் யோசித்தான்.

பிளேடைத் தூக்கி யார் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினாலும் விஷயம் முடிந்திருக்கும். ஓரஸ்ட் நீட்டவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, கையைத் தூக்குவதே பெரிய வேலையாகத் தெரிந்தது. கோச் வந்து, தரையைப் பார்த்தபடி, கொஞ்ச நாளைக்கு ரிங்க் பக்கம் வராமலிருந்தால் நல்லது என்று சொன்னார். சரி என்றான். திருடன் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பான்.

மறுநாள் மத்தியானம் தன் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கோலீன் வந்தாள். ரஸ்ஸலின் பையை எடுத்துப்போக வந்திருந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த முகம்.

கல்யாணமான புதிதிலிருந்து அவள் இந்த அறையில் காபியோடு அவனுக்குத் துணை உட்கார்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு, பிளேடை நகத்தால் தடவியே இது நெல்சனுடையது, இது கிரெய்குடையது என்று சொல்லிவிடுவாள். ஓரஸ்டின் கைச் சாணை அவள் நகத்துக்கு அத்தனை பழக்கம். அதனால் ஓரஸ்ட் ரஸ்ஸலின் ஸ்கேட்டை மேஜை மேல் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். ஊர் என்ன நினைத்தாலும் போகட்டும், இவளுக்குத் தெரிந்துவிடும்.

அவள் அதைத் தொடவில்லை.

"ஓரஸ்ட், நீ வேணும்னே பண்ணினியா?"

அவன் அவளையே பார்த்தான். "கையில எடுத்துப் பாரு."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் கோவமா கேக்கல. நீ பண்ணியிருந்தாலும் எனக்குப் புரியும். பண்ணினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இல்ல."

"சரி" என்றாள். முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதை மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையசைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் ரஸ்ஸலோடு போனபோதுகூட, தன்னை இன்னாரென்று தெரிந்த ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று ஓரஸ்ட் நினைத்திருந்தான். குளிர்காலம் முழுவதும் அதை வைத்துத்தான் எழுந்து நடமாடியிருக்கிறான் என்பதே இப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு வலித்தது. பெஞ்சில் உட்கார்ந்து, கேன்டீன் பெண்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளியே அவள் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.