பால் சங்கு

அகழாய்வுக் குழியில் சிநேகா தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, கைக்குள் அடங்கும் ஒரு சங்கு வெளுப்பாக மேலே வந்தது. அதை ஒட்டித் தீக்குச்சி கனத்தில் எலும்புகள். "சின்னக் குழந்தை!" என்று ஆட்களைக் கூப்பிட்டாள். வேலியோரம் நின்ற வீரபத்திரன் குழியை நோக்கி நடந்தார்.

சாயல்குடிக்குத் தெற்கே அந்தச் செம்மண் மணல்மேடான தேரி அவருடையதுதான். "வெவசாயம் வாரதுக்கு முந்தி இங்கன வேட்டையாடி, சிப்பி பொறுக்கித் தின்ன சனம் இருந்திருக்கு அய்யா. அம்புக்குக் கல்லைச் சில்லாச் செதுக்கியிருக்காங்க. பெறகு எப்படி மாறுனாங்கன்னு பாக்கணும்" என்று அவள் வந்து கேட்டபோது, முள்ளு மொளைக்கிற எடந்தானே, தோண்டிக்கோ என்று விட்டுவிட்டார். தான் புதைத்த பிள்ளை கிடப்பது மேற்கே, இரட்டைப் பனைக்கடியில் என்றல்லவா நினைத்திருந்தார்! பனைகளைச் சூளைக்காரன் வெட்டிப்போன பிறகு, காற்றுக்குப் புரண்டு புரண்டு தேரி அடையாளமே மாறிக் கிடந்தது. பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, கல் நடுவதுமில்லை. பால் குடித்த சங்கைக் கூடவே வைத்து மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

"ஏத்தா, கையை எடு! அது எம்புள்ள."

சிநேகா நிமிர்ந்தாள். "அய்யா, பக்கத்துலயே கல்லாயுதம் கெடக்கு. பல்லாயிரம் வருசத்து எலும்பா இருக்கலாம்."

"கல்லு அந்த வேட்டைக்காரன் போட்டது. புள்ள நான் போட்டது."

"லேபுக்கு அனுப்புனாத் தெரிஞ்சிரும்யா. உங்களதுன்னா திருப்பிக் குடுத்துருவோம்."

"திருப்பிக் குடுக்க அதென்ன எரவல் அருவாளா? பேரு வைக்கிறதுக்குள்ள போன புள்ளைய டப்பாவுல போட்டு பஸ் ஏத்துவீகளோ? செத்து மண்ணாப்போன வேட்டைக்காரனுக்கு இம்புட்டு மரியாதை. உசுரோட நிக்கிறவன் சொன்னாச் சந்தேகம்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார்.

"எறங்காதீங்கய்யா, மண் அடுக்கு கலைஞ்சிரும்!"

"கலையட்டும்."

எலும்புகளுக்கு இருபுறமும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மண் அள்ளும் காளிராஜ் சிரித்தான். "பெருசு, அப்பிடியே இருங்க. ஒங்களையும் சேத்து மியூசியத்துல வச்சிருவாக."

"ஏலே, ஒன்னையப் பெத்தவ கிட்டப் போய்ச் சொல்லு இந்தச் சிரிப்பை."

அவன் மண்கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

சத்தம் கேட்டு ஆடுகளை விட்டுவிட்டு மீனம்மாள் வந்தாள். புருசன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. குழியை அளக்க நூல் கட்டிய முளையை மிதித்துச் சாய்த்து, விளிம்பில் குழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் செம்மண்ணை அணைத்தணைத்துப் பின்னால் குழிக்குள் தள்ளினாள்.

தூரிகையும் கையுமாகச் சிநேகா நின்றாள். வீரபத்திரனின் முழங்காலில் மண் விழுந்துகொண்டே இருந்தது. மீனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.